பாபோலாட் பியூர் ஏரோ 98: அல்கராஸின் மட்டையோடு எட்டு மாதங்கள்

ஸ்பெயின் டென்னிஸ் வீரர் கார்லோஸ் அல்கராஸின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மட்டையையே வாங்க வேண்டும் என்று கிளம்புபவர்கள், பாபோலாட் நிறுவனத்தின் பியூர் ஏரோ என்ற பெயரில் பல மாதிரிகள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது 100 சதுர அங்குலத் தலையும் 300 கிராம் எடையும் கொண்ட மாதிரி. அல்கராஸுக்கு உரியதாக அறியப்படுவதோ 98 சதுர அங்குலத் தலையும், ஸ்ட்ரிங் (பந்தை அடிக்கும் நரம்புவலை) போடாத நிலையில் 305 கிராம் எடையும், அதைவிட மெல்லிய சட்டமும் கொண்ட 98. முன்பு பியூர் ஏரோ வி.எஸ். என்ற பெயரில் வந்ததும் இந்த வகைதான். இரண்டும் ஒரே மஞ்சள் நிறத்தில் அருகருகே தொங்குவதால், சட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். 20,000 ரூபாய்க்கும் மேல் கொடுத்து நான் இதை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன; வாரத்துக்கு மூன்று மாலைகள் இதைக் கொண்டுதான் ஆடி வருகிறேன்.

இந்த மட்டை அரைகுறை வீச்சை மன்னிப்பதில்லை. பழைய 100 அங்குல மட்டையில், வந்த பந்தை வெறுமனே தடுத்தாலும் அது எதிர்ப்பக்கத்து பேஸ்லைன் (ஆடுகளத்தின் பின்கோடு) வரை போய்ச் சேரும். இதில் கை தயங்கினால் பந்து சர்வீஸ் கோட்டருகே விழுந்து, எதிராளி அடிப்பதற்கு வாகாக எழும்பி நிற்கிறது. முதல் இரண்டு வாரங்கள் எனக்கு இதுவே நடந்தது. தோளை முன்கூட்டியே திருப்பி, பந்தின் அடியிலிருந்து மேல்நோக்கி முழுமையாக வீசத் தொடங்கிய பிறகுதான், வலைக்கு வெகு உயரத்தில் சென்ற பந்து கோட்டுக்குள் சட்டென்று இறங்குவதைக் கண்டேன்.

அல்கராஸின் தொடக்க ஆண்டுகளை நினைத்துப் பார்த்தபோது இதன் காரணம் புரிந்தது. 2020 பிப்ரவரியில், 16 வயதில், தரவரிசையில் 406-ஆம் இடத்தில் இருந்தபடி வைல்ட் கார்டு (அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதி) பெற்று ரியோ டி ஜெனிரோவில் அவர் ஆடிய முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) ஆட்டம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீண்டு, அதிகாலை மூன்று மணியளவில் முடிந்தது. ஆல்பர்ட் ராமோஸை அவர் மூன்றாவது செட் டை-பிரேக்கில் (செட் 6-6 என்று சமனானால் ஆடப்படும் முடிவு ஆட்டம்) வென்றார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஓபனில், உலகின் மூன்றாம் நிலை வீரராக இருந்த சிட்சிபாஸிடம் நான்காவது செட்டை 0-6 என்று இழந்த பின்னும், ஐந்தாவது செட் டை-பிரேக்கில் துணிந்து அடித்தே அவர் வென்றார். நெருக்கடி கூடக் கூட வீச்சைக் குறைப்பதுதான் மனித இயல்பு. அந்த இயல்புக்கு மாறாக ஆடுபவருக்கே இந்த மட்டை பொருந்துகிறது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. இதில் நெடுக்கில் 16, குறுக்கில் 20 என்ற நெருக்கமான ஸ்ட்ரிங் அமைப்பு இருப்பதால், மெதுவாகத் தொடும்போது பந்து துள்ளி ஓடிவிடாமல் சொன்ன இடத்தில் விழுகிறது. ஃபோர்ஹேண்ட் தேறுவதற்கு முன்பே, பந்தை வலைக்கு அப்பால் மெல்ல விழவைக்கும் என் டிராப் ஷாட் தேறிவிட்டது. 2021-இல் தன் 18-ஆவது பிறந்தநாளன்று மாட்ரிட்டில் நடாலிடம் 1-6, 2-6 என்று தோற்ற அல்கராஸ், மறு ஆண்டு அதே மாட்ரிட்டில் நடாலையும் அடுத்த நாளே ஜோகோவிச்சையும் வீழ்த்தியபோது, பேஸ்லைனுக்குப் பின்னால் அவர்களைத் தள்ளிவிட்டு வலையருகே பந்தைக் கிள்ளிப்போட்ட அந்த டிராப் ஷாட்களைப் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். ஃபோர்ஹேண்டுக்கு ஓங்குவது போலவே ஓங்கி, கடைசிக் கணத்தில் பிடியைத் தளர்த்துவது அவர் வழக்கம். இந்த மட்டையில் அதைப் பழகுவது கடினமாக இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். அல்கராஸ் பயன்படுத்துவதாகப் படித்து, எண்கோண வடிவ பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்கான ஆர்பிஎம் பிளாஸ்டை நானும் போடச் சொன்னேன். 50 பவுண்டு இழுவிசை போதும் என்று எழுதிக் கொடுத்தும், கடைக்காரர் அதைவிட வெகு இறுக்கமாகப் போட்டுவிட்டார். பத்தே நாட்களில் முழங்கையின் வெளிப்புறம் வலிக்கத் தொடங்கி, தண்ணீர்க் குவளையைத் தூக்குவதே சிரமமானது. அந்த ஸ்ட்ரிங்கை வெட்டி எறிந்து, பல மெல்லிய இழைகளாலான, மென்மையான மல்டிஃபிலமென்ட் வகையை 50 பவுண்டில் வேறிடத்தில் போட்ட பிறகு, மூன்று வாரங்களில் வலி அடங்கியது. சுழற்சி சற்றுக் குறைந்தது உண்மை. ஆனாலும் கை முக்கியம். மேலும், தொழில்முறை வீரர்கள் தங்கள் மட்டையின் எடையையும் சமநிலையையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வது வழக்கமாதலால், கடையில் வாங்குவது அச்சு அசலாக அவர் கையில் இருப்பதே என்று எண்ணிவிடக் கூடாது.

சிறுவர்களுக்கு இதை வாங்க நினைக்கும் பெற்றோர் சற்றுப் பொறுக்க வேண்டும். 2022 செப்டம்பரில் அமெரிக்க ஓபனை வென்று 19 வயதில் உலகின் முதல் நிலை வீரரானவரைத்தான் நாம் பார்க்கிறோம். எல் பல்மார் என்ற ஊரில் டென்னிஸ் பயிற்றுநரான தந்தையின் கண்பார்வையில் தொடங்கி, 2018 முதல் பயிற்றுநர் ஹுவான் கார்லோஸ் ஃபெர்ரேரோவின் பொறுப்பில் அந்த உடல் உருவாக எடுத்துக்கொண்ட ஆண்டுகள் மட்டையோடு சேர்ந்து வருவதில்லை. சென்ற மாதம் எங்கள் ஆடுகளத்தில் ஒரு தந்தை தன் 12 வயது மகளுக்கு இதை வாங்கலாமா என்று கேட்டார். என் மட்டையை அந்தப் பெண்ணிடமே கொடுத்து ஆடச் சொன்னேன். முதல் மூன்று பந்துகளை அழகாக அடித்தாள். ஐந்தாவது பந்துக்கு மட்டையின் தலை அவள் மணிக்கட்டுக்குக் கீழே தொங்கத் தொடங்கியது. 280 கிராம் எடையுள்ள ஒன்றைப் பார்க்கும்படி அவரிடம் சொல்லி அனுப்பினேன்.