கட்டியின் புரதம் பார்க்க: ஐ.ஹெச்.சி.யா, மாஸ் ஸ்பெக்கா?

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மார்பகக் கட்டி எடுத்துக்கொண்டவர் மேல்சிகிச்சைக்கு அடையாறுக்கோ ஜிப்மருக்கோ கிளம்பினால், ஃபைலோடு, கட்டியின் துண்டைப் பதித்த ஒரு மெழுகு பிளாக்கும் பையில் போகும். மருந்தை முடிவு செய்வது அந்த பிளாக்கில் செய்யும் ஐ.ஹெச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்ற சாயச் சோதனை. புரதத் துண்டுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் (மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி) இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடத்துச் சங்கதி.

ஐ.ஹெச்.சி.யில் பிளாக்கை மூன்று, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஸ்லைடில் விடுவார்கள். புரதம் இருக்கும் இடம் பழுப்பேறும். செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் என்றால், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களின் விளிம்பைச் சுற்றிலும் பழுப்பு அடர்த்தியாக இருக்க வேண்டும், அதுதான் உச்ச மதிப்பெண்ணான 3+. ஹெர்-2ஐத் தாக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்தைக் கொடுக்கலாம். 2+ வந்தால் ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை, கூடுதல் செலவு, காத்திருப்பு. 0ஆ 1+ஆ என்பதில் இரண்டு பேத்தாலஜிஸ்டுகள் முரண்படுவது புதிதல்ல. முன்பு அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. பரவிய புற்றில் ஹெர்-2 குறைவாக இருந்தாலும் வேலை செய்யும் டிராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டிகான் வந்தபிறகு, அந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றக்கூடும்.

கண்மதிப்பு தடுமாறும் இந்த இடத்தில்தான் மாஸ் ஸ்பெக் ஈர்க்கிறது. திசுவை அரைத்து, டிரிப்ஸின் நொதியால் புரதங்களைத் துண்டாக்கி, துண்டுகளின் நிறையை அளக்கும். ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கான புரதங்கள் எண்களாக வந்துவிடும். 2014இல் புற்றுக் கட்டிகளின் புரதங்களை ஆராயும் அமெரிக்காவின் சிப்டாக் குழு குடல்புற்றுக் கட்டிகளை இப்படி அலசி, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. அளவை வைத்துப் புரத அளவை நம்பிச் சொல்ல முடியாது என்று காட்டியது. ஆனால் அரைத்தபின், புரதம் புற்றுச் செல்லில் இருந்ததா, பக்கத்துக் கொழுப்பிலா என்று யாரைக் கேட்பது?

டெல்டாவில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை கட்டி வெளிவந்த முதல் ஒரு மணி நேரம். அதற்குள் கட்டியை வகிர்ந்து, அதைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டாக வேண்டும். ஊறுவதும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணிக்கு மிகாமல். சனிக்கிழமை மாலை அறுத்த கட்டி, முழுசாக ஒரு சின்ன டப்பாவில் அடைபட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் தஞ்சாவூர் போனால், ஓரம் பதமாகியிருக்கும். நடு அழுகத் தொடங்கியிருக்கும். ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்) பாசிட்டிவ் கட்டிகூட நெகட்டிவ் என்று வரலாம். மாஸ் ஸ்பெக்குக்குக் கெடுபிடி இன்னும் அதிகம்: பாஸ்பேட் ஏறிய புரதங்கள் (செல்லின் சமிக்ஞைகளைக் காட்டுபவை) சில நிமிடங்களிலேயே மாறுவதால், தியேட்டரிலேயே உறையவைத்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். பாஸ்பேட் கணக்கு வேண்டாம் என்றால் பழைய மெழுகு பிளாக்கும் போதும்; சூடேற்றி ஃபார்மலின் கட்டை அவிழ்த்துவிட்டுப் படிக்கிறார்கள்.

நோயாளிக்கு ஐ.ஹெச்.சி.தான் என்பேன். பிளாக்கை மட்டும் பத்திரமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.