'வண்டு வயரைத் தின்னுட்டு' என்று சொல்லி வீடு முழுக்க வயரிங் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளை பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் இங்கே பல வீடுகளில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, அடிக்கடி விழும். பூச்சிகள் சுவிட்ச் போர்டுக்குள் ஒதுங்குவதும் அதே நாட்களில்தான். இரண்டும் ஒன்றாக வருவதை வைத்துச் சிலர் காசு பார்க்கிறார்கள்.

குலசேகரத்தை அடுத்த ஒரு மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மழை பெய்யும் நாட்களில் மட்டும் கரண்ட் விழுந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த ஆள் ஹால் போர்டைக் கழற்றினார். உள்ளே கைப்பிடி அளவு செத்த வண்டு, எறும்பு மண், எட்டுக்காலி வலை. அதை அள்ளி வீட்டுக்கார அம்மா கையில் கொடுத்து, "அக்கா, வயரெல்லாம் வண்டு தின்னாச்சு. மொத்தமா மாத்தாம ரெச்சையில்ல" என்றார். 72,000 ரூபாய் பேசி, ஆறு நாளில் வீடு முழுக்க வயரை உருவிப் புதிதாக இழுத்தார்கள். அடுத்த மழைக்கும் கரண்ட் விழுந்தது. திரும்பி வந்தவர் பத்து நிமிடம் டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியில்) ஏதோ செய்துவிட்டு, "இனி விழாது" என்று 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். விழவில்லைதான். ஆர்சிசிபியைத் தாண்டி நேரடியாக லைன் கொடுத்திருந்தார். உயிர் காக்கிற ஒரே கருவியை எடுத்துவிட்டு அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார். இதை எங்களால் சாதாரண ஏமாற்று என்று விட முடியவில்லை.

முதலில் வண்டு விஷயம். ரப்பர் பகுதியில் கூட்டமாக வீட்டுக்குள் வருவது முப்ளி வண்டு. உதிர்ந்த ரப்பர் இலைதான் அதன் சாப்பாடு. கோடை மழை தொடங்கும்போது ராத்திரி வெளிச்சத்தைப் பார்த்து வந்து, ஓட்டு இடுக்கு, மச்சு, சீலிங் லைட் துளை, பைப் வாய் என்று இருட்டான இடமெல்லாம் ஒதுங்கும். அது விடும் நீர் பட்டால் தோல் எரியும், கொப்புளம் வரும். ஆனால் வயரின் பிவிசி உறையைத் தின்னாது. எட்டுக்காலியும் தின்னாது, சின்ன எறும்பும் தின்னாது. இங்கே வயரைக் கடிப்பது பெரும்பாலும் எலி, சில இடங்களில் கரையான். அப்போதும் கடிபட்ட அந்த ஒரு ஓட்டத்தை மாற்றினால் போதும்.

பூச்சியால் கெடுவது வயர் அல்ல, வயர் முடிகிற இடம். சுவிட்ச் காண்டாக்ட் நடுவே எறும்பு நசுங்கிக் கருகினால் சுவிட்ச் சரியாகச் சேராது, பொறி விடும், சூடாகும். ஷாக் அடித்த எறும்பு விடும் வாசனை மற்ற எறும்புகளைக் கூப்பிடுகிற இனங்களும் உண்டு. ஒரே சுவிட்சில் குவியலாகச் செத்துக் கிடப்பது இதனால்தான். காய்ந்த எட்டுக்காலி வலை கரண்டைக் கடத்தாது. தூசியும் ஈரமும் அதில் தங்கிய பிறகுதான் கசிவு. இவற்றையெல்லாம் விட மோசமானது குளவி கட்டும் மண்ணும் எறும்பு கொண்டுவரும் மண்ணும். ஈரத்தைப் பிடித்து வைத்து, டெர்மினலுக்கும் எர்த் கம்பிக்கும் நடுவே பாலம் போட்டுவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் 30-க்குள் கசிவு வந்தாலே விழலாம். அதற்கு ஈர மண் ஒரு சிட்டிகை போதும்.

அந்த வீட்டில் உண்மைக் காரணம் கேட் விளக்கு. தகர உறைக்குள் எறும்பு புற்று வைத்து, நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) டெர்மினலும் எர்த்தும் ஒரே ஈர மண்ணில் புதைந்து கிடந்தன. வீட்டுக்குள் எத்தனை காயில் புது வயர் இழுத்தாலும் அது எப்படிச் சரியாகும்?

நியூட்ரலில் வரும் கசிவு அனுபவமுள்ளவர்களையே அலைக்கழிக்கும். வீடுகளில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சிங்கிள் போல் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) ஃபேஸை, அதாவது கரண்ட் வரும் கம்பியை, மட்டும்தான் துண்டிக்கும். கேட் விளக்கின் எம்சிபியை இறக்கினாலும் அதன் நியூட்ரல் இணைந்தே இருக்கும். மாடியில் கீசரையோ, கீழே அயர்ன் பாக்ஸையோ போட்டதும் திரும்புகிற கரண்டில் ஒரு பங்கு அந்த ஈர மண் வழியாக எர்த்துக்குப் போகும், ஆர்சிசிபி விழும். பார்க்கிறவர் கீசர் கெட்டுவிட்டது என்பார், அடுத்த நாள் மோட்டார் என்பார், கடைசியில் "மொத்த வயரும் போச்சு" என்பார்.

கண்டுபிடிக்கும் வழி இது. எல்லா எம்சிபியையும் இறக்கி ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எப்போதும் ஒரே எம்சிபியில் விழுந்தால் பழுது அந்த லைனில். இதுவரை வீட்டுக்காரரே செய்யலாம். ஒவ்வொரு தடவை ஒவ்வொன்றில் விழுந்தாலோ, பெரிய லோடு போட்டால் மட்டும் விழுந்தாலோ நியூட்ரலைச் சந்தேகப்பட வேண்டும். அப்போது வயர்மேன் மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மெக்கர் (வயர் உறை கரண்டைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 500 வோல்ட் டிசி மெக்கர். பார்க்கும் முன் எல்இடி பல்பு, டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை கெடும், ரீடிங்கும் பொய்யாகும். 1 மெகாஓமுக்கு மேல் இருந்தால் அந்த லைன் தேறும். நல்ல வயர் காய்ந்த நாளில் பத்து, இருபது என்று காட்டும். அந்த வீட்டுக் கேட் லைன் காட்டியது 0.04.

மெக்கர் இல்லாமல் வந்து, கண்ணால் பார்த்தே "வயர் போச்சு" என்று சொல்பவருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எந்த லைன், எத்தனை மெகாஓம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேரள எல்லையில் இருப்பதால் இரண்டு பக்க ஆட்களும் வேலைக்கு வருவார்கள். அதில் குறையொன்றும் இல்லை. தமிழ்நாட்டுக் கம்பியாளர் சான்றோ, கேரளா வயர்மேன் பெர்மிட்டோ, ஏதாவது ஒன்றைக் காட்டட்டும்.

முழுதாக மாற்ற வேண்டிய வீடுகளும் இருக்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். குமரி 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்பே கட்டிய மச்சு வீடுகள் சிலவற்றில் மரப்பட்டியில் ஓடும் பழைய ரப்பர் உறை வயர் இன்னும் கிடக்கிறது. வளைத்தாலே உறை பொடிந்து உதிரும். அங்கே பூச்சி ஒரு சாக்கே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஆர்சிசிபியைத் தாண்டி லைன் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். லீவர் விழுந்து, வீட்டில் எல்லாம் அணைய வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். லீவர் விழுந்த பிறகும் மின்விசிறி ஓடினால் வேலை காட்டியிருக்கிறார்கள். சிலர் 30-ஐக் கழற்றி 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் மாட்டிவிடுவார்கள். முகப்பில் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். ஆளைக் காப்பாற்றுவது 30தான்.

அந்த வீட்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. பூச்சி மருந்து அடிக்க வந்தவர் போர்டுகளைத் திறந்து, தண்ணீரில் கலக்கிய மருந்தை உள்ளேயே அடித்திருக்கிறார். இரண்டு சாக்கெட்டில் பித்தளை பச்சை பிடித்து, ஒன்று கருகியும் இருந்தது. போர்டுக்குள் எந்தத் திரவமும் போகக் கூடாது. கடையில் விற்கும் ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றில் மருந்தைத் தள்ளுவது எல்பிஜி வாயு. சுவிட்ச் பொறியில் பற்றிக்கொள்ளும். பியு ஃபோம் அடைப்பதும் தப்பு. அது எரியும் பொருள், வயரின் சூட்டையும் வெளியே விடாது.

சரியான வேலை சின்னது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வயர்மேன் போர்டைத் திறந்து காய்ந்த பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் சுத்தம் செய்வார். கருகிய சுவிட்சைச் சுரண்டக் கூடாது, மாற்ற வேண்டும். ஸ்க்ரூக்களை இறுக்கி, பைப் வாயை இறுகாத எலெக்ட்ரிக்கல் புட்டியால் அடைத்து, பயன்படாத துளைகளுக்குப் பிவிசி மூடி போட்டால் முடிந்தது. வெளிப்புறப் பெட்டியில் அடியில் இருக்கும் நீர் வடியும் துளையை மட்டும் அடைக்காதீர்கள். மெல்லிய வலை வையுங்கள். கேட் விளக்குக்கு ஐபி 65 உறையும், வயர் நுழையும் வாயை இறுக்கி மூடும் கேபிள் கிளாண்டும் போட்டோம். ஐபி எண் என்பது தூசியும் நீரும் எவ்வளவு புகாது என்பதைக் காட்டும் தரக் குறி. ஐபி 44 ஒரு மில்லிமீட்டர் கம்பியைத் தடுக்கும், பொடி எறும்பு அதைவிட ஒல்லி. 'பூச்சி புகாத சுவிட்ச்' என்று கூடுதல் விலை சொன்னால் இந்த ஐபி எண் எங்கே என்று கேளுங்கள்.

எறும்புக்கு, 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் பவுடர் கலந்து, பஞ்சில் நனைத்து, எறும்பு வரும் தடத்தில் வையுங்கள். போர்டுக்குள் வேண்டாம். குழந்தைக்கும் கோழிக்கும் எட்டக் கூடாது. போரிக் அதிகமானால் எறும்பு புற்றுக்குத் தூக்கிப் போகும் முன்பே செத்துவிடும்.

வயர் மாற்றியே ஆக வேண்டும் என்றால் உறையில் ஐஎஸ் 694 என்றும், அளவும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்: லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5. அந்த வீட்டில் பிளக்குக்கும் 1.5 ஓட்டி, பில்லில் 2.5 என்று போட்டிருந்தார்கள். உருவிய பழைய வயரையும் "குப்பை" என்று சாக்கில் கட்டிக் கொண்டுபோய்விட்டார்கள். 90 மீட்டர் 1.5 காயிலில் சுமார் 1.2 கிலோ செம்பு இருக்கிறது. அது உங்கள் சொத்து. எடை போட்டு வாங்கி வையுங்கள், அல்லது கூலியில் கழிக்கச் சொல்லிப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.