பிரிட்டன் பேட்டில்டிரஸ்ஸா, சோவியத் பஞ்சுச் சட்டையா? ஃபின்லாந்துச் சிப்பாய்க்கு எது உதவியது

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லை தாண்டி 'குளிர்காலப் போர்' தொடங்கியபோது, ஃபின்லாந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டியிருந்தது. அத்தனை பேருக்கும் கொடுக்க உடுப்பு இல்லை. ரிசர்வ் படையினரில் ஏராளமானோருக்குக் கிடைத்தது ஒரு பெல்ட், தொப்பியில் குத்த ஒரு சின்னம், ஒரு துப்பாக்கி. மற்றதெல்லாம் வீட்டிலிருந்து போட்டுவந்த துணிதான். அப்போதைய பிரதமர் ஐமோ கயாண்டரின் பெயரை வைத்து இதைக் 'கயாண்டர் மாதிரி' என்று சிப்பாய்களே அழைத்தார்கள். வெளிநாட்டு உடுப்பு வந்து சேர்ந்தது இந்தப் பற்றாக்குறைக்குள்தான்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அது ஃபின்லாந்து ராணுவத்தின் சொந்த உடுப்பான எம்/36: சாம்பல் நிறக் கம்பளி, இடுப்புக்குக் கீழே இறங்கும் மேற்சட்டை, பூட்ஸுக்குள் செருகும் கால்சட்டை, பனிக்காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தொப்பி வைத்த வெள்ளைப் பருத்தி அங்கி. பனிச்சறுக்கில் போகிறவனுக்குக் குனிந்து நிமிர வசதி வேண்டும், இரவு கூடாரத்து அடுப்பருகே தொங்கவிட்டால் காலைக்குள் உலர வேண்டும், சொந்த ஆளே சுட்டுவிடாத தோற்றம் வேண்டும். எம்/36 இந்த மூன்றையும் ஓரளவு தந்தது. வந்தவை எவ்வளவு தந்தன?

எண்ணிக்கையில் பெரியது பிரிட்டன் அனுப்பியது. 1940 மார்ச் 19 அன்று பிரதமர் நெவில் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் வாசித்த பட்டியலில் 1,00,000 பேட்டில்டிரஸ் ஜோடிகளும் (குட்டை மேற்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த கம்பளிப் போருடுப்பு) 1,00,000 கிரேட்கோட்டுகளும் (நீண்ட கம்பளி மேலங்கி) இருந்தன. இரண்டும் முழுமையாக அனுப்பப்பட்டவை என்றே குறிக்கப்பட்டிருந்தன. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, குளிர்காலப் போரில் மூன்றில் ஒரு ஃபின்லாந்துக்காரன் பிரிட்டிஷ் உடுப்பில் சண்டையிட்டான் என்று கணக்குப் போடுவது தவறு. 'அனுப்பியது' வேறு, முன்னணியில் 'உடுத்தியது' வேறு. அவர் பட்டியலை வாசித்தபோது போர் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. சரக்கு கப்பலில் வட கடலைக் கடந்து, நார்வே, சுவீடன் வழியாக ரயிலில் வர வேண்டும். ஹபரண்டா–தோர்னியோ எல்லையில் சுவீடனின் 1,435 மி.மீ. தண்டவாளம் முடிந்து ஃபின்லாந்தின் 1,524 மி.மீ. தொடங்குகிறது. ஒவ்வொரு மூட்டையையும் அங்கே இறக்கி மறுபடி ஏற்றியாக வேண்டும். குண்டுக்கும் பீரங்கிக்கும் முந்திக்கொண்டு துணி மூட்டை போக முடியாது. பேட்டில்டிரஸ் அணிந்த ஃபின்லாந்துச் சிப்பாய்களின் படங்களில் 1941-இல் சோவியத் யூனியனோடு மறுபடி தொடங்கிய 'தொடர்ச்சிப் போர்' காலத்தவை இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உடுப்பாக அது எப்படி? 'பிளவுஸ்' எனும் அதன் மேற்சட்டை இடுப்போடு நின்றுவிடும், வலது பக்கம் பக்கிள். பித்தான்கள் மூடுபட்டைக்குள் மறைந்திருப்பதால் புதரிலோ கயிற்றிலோ சிக்காது. கால்சட்டையில் இடது தொடை முன்புறம் ஒரு பெரிய பாக்கெட். வரைபடத்துக்கென்று வைத்தது, கையெறிகுண்டோ ரொட்டியோ தாராளமாகக் கொள்ளும். வலது இடுப்பருகே, கட்டுத்துணிக்கு ஒரு சின்னப் பாக்கெட். வாகன ஓட்டுநருக்கும் பீரங்கிப் படையினனுக்கும் நல்ல வெட்டு.

சிக்கல் முதுகில் இருக்கிறது. பனிச்சறுக்குக்காரன் ஒவ்வொரு உந்தலுக்கும் முன்னால் குனிகிறான். குட்டை பிளவுஸ் மேலேறி, கால்சட்டை கீழிறங்கி, சிறுநீரகத்துக்கு நேரே இடைவெளி விழும். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கால்சட்டையின் பின்பக்கப் பித்தான்களோடு மாட்ட பிளவுஸின் உள்ளே காஜாக்கள் வைத்தார்கள். மாட்டினால் இடைவெளி அடைபடும். கையுறையோடு அதை மாட்டவோ கழற்றவோ முடியாது, உறையும் குளிரில் மலம் கழிக்கப் போகிறவனுக்கு அது தண்டனை. மாட்டாமல் விட்டால், உள்ளே நீளமான ஸ்வெட்டர் கட்டாயம். தொடக்ககால பிளவுஸின் காலருக்கு உள்துணியும் கிடையாது. செர்ஜ் எனும் அந்த முரட்டுக் கம்பளித் துணி கழுத்தை உரசிப் புண்ணாக்கும்.

கால்சட்டையின் அடிப்பட்டியும் பிரிட்டிஷ் பூட்ஸுக்கும் அதன் மேல் கட்டும் கான்வாஸ் கணுக்கால் பட்டைக்கும் ஏற்ப வெட்டியது. ஃபின்லாந்துக்காரன் போட்டது நுனி மேல்வளைந்த, நீண்ட தோல் பூட்ஸ். அந்த வளைவுதான் பனிச்சறுக்குப் பலகையின் வாரில் கொக்கிபோல் மாட்டும், கை வைக்காமலே நுழையலாம், உதறலாம். அகலமான பிரிட்டிஷ் கால்சட்டையை அதற்குள் திணித்தால் கணுக்காலில் மடிப்பு விழும், மடிப்பு அழுத்திய இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், குளிர்க்கடி அங்கே தொடங்கும். அடிப்பட்டியை இறுக மடித்து, மேலே தடித்த காலுறையை இழுத்துவிட்டு அப்புறம் பூட்ஸ் போடுவதுதான் சரியான முறை.

கிரேட்கோட் பற்றி எங்கள் முடிவு தெளிவு: காவல் நிற்பவனுக்கும் குதிரைச் சறுக்குவண்டி ஓட்டுபவனுக்கும் அருமை, நடமாடுகிறவனுக்குச் சுமை. கனத்த கம்பளியின் நீண்ட விளிம்பில் பனி ஒட்டி, உருகி, மறுபடி உறைந்து கல்லாகிவிடும்.

சோவியத் உடுப்பு நன்கொடையாக வந்ததல்ல, கைப்பற்றியது. இங்கே காலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளிர்காலப் போரில் செஞ்சேனையே குளிருக்குத் தயாராக வரவில்லை. கூரான புத்யோனவ்கா தொப்பியோடு வந்தவனிடம் எடுக்க அதிகம் இல்லை. காதுமடல் இறக்கும் உஷாங்கா தொப்பியை அவர்கள் முறையாக ஏற்றது 1940-இல், அந்தப் போர் தந்த பாடத்துக்குப் பிறகு. எனவே கைப்பற்றிய சோவியத் குளிர்கால உடுப்பைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் 1941-க்குப் பிந்தைய பொருளைத்தான் பேசுகிறார்கள்.

அதில் முதன்மையானது தெலொக்ரெய்கா எனும் பஞ்சுச் சட்டை. இரண்டு பருத்தித் துணிக்கு நடுவே பஞ்சு, மேலிருந்து கீழாக வரிவரியாகத் தையல். எடைக்கு எடை பார்த்தால் கம்பளி மேற்சட்டையைவிடக் கதகதப்பு. நீளம் இடுப்புக்குக் கீழே இறங்குவதால் பேட்டில்டிரஸ்ஸின் முதுகுச் சிக்கல் இதில் இல்லை, கை வீசவும் தடையில்லை. ஆனால் பஞ்சு வியர்வையைக் குடிக்கும். வேகமாகப் போய் நின்றதும் அந்த ஈரம் உறையும். அடுப்பருகே மேல்துணி உலர்ந்ததும் முழுதும் உலர்ந்ததாகத் தோன்றும். உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தீப்பொறி விழுந்தால் கம்பளி கருகி நிற்கும், பஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் கனன்று பரவும். தையல் வரிகள் பேனுக்கு நல்ல இருப்பிடம். கம்பளி மேற்சட்டையைச் சூடான சவுனாவில் தொங்கவிட்டுப் பேனைக் கொல்வது எளிது, பஞ்சின் நடுப்பகுதிக்கு அந்தச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

வலென்கி எனும் ஃபெல்ட் பூட்ஸும் அப்படித்தான். காய்ந்த கடுங்குளிரில் அதற்கு இணை இல்லை, வசந்தத்து ஈரப் பனியில் ஒரே நாளில் ஊறிப்போகும். பலகை வாரில் கொக்கி போடும் நுனியும் அதற்கு இல்லை.

நிறம் இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. காக்கி பிளவுஸோ பஞ்சுச் சட்டையோ, காட்டின் மங்கல் வெளிச்சத்தில் எதிரியின் நிறத்தைத்தான் நினைவூட்டும். பனி இருக்கும்வரை வெள்ளை அங்கி மூடிவிடும். பனி உருகிய பிறகு, காவலரணுக்குத் திரும்பி வருகிறவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சின்னம் மாற்றித் தைத்தால் பத்தடி தூரத்தில் தெரியும், நூறடியில் தெரியாது.

சுவீடன் தன்னார்வலர் படையின் சாம்பல் உடுப்பு இந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் 8,000-க்கு மேற்பட்ட அந்தப் படையினர் வட ஃபின்லாந்தின் சல்லா போர்முனையைப் பொறுப்பேற்றது 1940 பிப்ரவரி இறுதியில்தான். ஜெர்மன் உடுப்பை ஒப்பீட்டில் சேர்ப்பதே குழப்பம்: 1941 முதல் 1943 வரை அதை முழுமையாக அணிந்த ஏறத்தாழ 1,400 ஃபின்லாந்துத் தன்னார்வலர்கள் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்.எஸ்.ஸில் இருந்தவர்கள், ஃபின்லாந்து ராணுவத்தில் அல்ல. ஜெர்மனியின் எம்.36-உம் ஃபின்லாந்தின் எம்/36-உம் வெவ்வேறு சட்டைகள்.

ஆக, பனிச்சறுக்கு ரோந்துக்கு எம்/36, உள்ளே ஸ்வெட்டர். பதுங்குகுழியில் அசையாமல் இருக்க சோவியத் பஞ்சுச் சட்டை. பின்னணி வேலைக்கும் வண்டிக்கும் பேட்டில்டிரஸ். இப்போது சேகரிப்புக்காக 'ஃபின்லாந்துக்காரர் அணிந்த' பிளவுஸ் வாங்குகிறவர்கள் முதலில் காலரின் உள்புறத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்: லைனிங் இருந்தால் அது பெரும்பாலும் 1940 தொடக்கத்தில் கப்பலேறிய மூட்டையிலிருந்து வந்ததல்ல. பிரிட்டிஷ் அரசுப் பொருள் என்று காட்டும் அகல அம்பு முத்திரை மட்டும் போதாது, ஃபின்லாந்து ராணுவத்தின் முத்திரையும் வேண்டும். அதுவும் போருக்குப் பின் குத்தப்பட்டதாக இருக்கலாம் என்பதால், தோள்பட்டையில் பழைய சின்னம் தைத்த ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.