கொல்லிமலையில் கைவிட்ட பஞ்சர் கிட்டும் கைகொடுத்த காற்று டப்பாவும்

பைக்கில் தூரமாகப் போகும்போது என்னென்ன எடுத்துப் போகலாம் என்று நாலு பேரைக் கேட்டால் ஆளுக்கொரு மளிகை லிஸ்ட் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பையை அடைத்துக்கொண்டு திரிந்தேன். போன மாதம் காரவள்ளியில் டீ குடித்துவிட்டு கொல்லிமலை ஏறினேன், மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவில் 20 கூடத் தாண்டியிருக்க மாட்டேன், பின்சக்கரம் சேற்றில் போவதுபோல ஆட ஆரம்பித்தது. வளைவிலேயே நிறுத்தினால் மேலிருந்து வரும் பஸ் திரும்ப இடமிருக்காது, அதனால் கொஞ்சம் அகலமான இடம் வரை தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தேன். டயரில் ஆணி.

என்னிடம் ஆன்லைனில் வாங்கிய இரண்டு சாமான் இருந்தன: 280 ரூபாய்க்கு ஒரு ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், 2,100 ரூபாய்க்கு சார்ஜ் போட்டுக் காற்றடிக்கும் சின்ன டப்பா.

முதலில் கிட். ஆணியைப் பிடுங்க அதில் குறடே இல்லை, வண்டியோடு வந்த டூல்கிட்டிலும் இல்லை. நல்லவேளை, என் பையில் தனியாக ஒரு கட்டிங் பிளேயர் கிடந்தது. ஸ்ட்ரிப் நுழைய ஓட்டையைத் தேய்த்துச் சரிசெய்யும் முறுக்குக் கம்பியை உள்ளே விட்டுத் திருகினால், பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் என் கையோடு சுற்றுகிறது, கம்பி டயரில் நட்டுவைத்த மாதிரி நிற்கிறது! பிளேயரால் பிடித்துத் திருகித்தான் வெளியே எடுத்தேன். ஒட்டுப் பசையான சொல்யூஷன் ட்யூபைப் பிதுக்கினால் காற்றுதான் வந்தது, எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனால் ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப்பைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிசுபிசுப்பு. ஊசிக் காதில் கோத்து, இரண்டு வாலும் அரை இஞ்ச் வெளியே தெரிகிற வரை குத்தி வெடுக்கென்று இழுத்தேன், சொல்யூஷன் இல்லாமலே கப்பென்று பிடித்துக்கொண்டது. வாங்குவதாக இருந்தால் இரும்பில் டி வடிவக் கைப்பிடி உள்ளதை வாங்குங்கள், நூறு இருநூறு கூட ஆனாலும் சரி.

காற்று டப்பா வேறு ரகம். காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐ என்று வைத்து பட்டனை அமுக்கினேன், மலையே அதிர்கிற மாதிரி சத்தம், நாலைந்து நிமிடத்தில் தானே நின்றது. ஸ்ட்ரிப் மேல் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தேன், குமிழி வரவில்லை. அவசரப்பட்டு டப்பாவின் காற்றுக் குழாயைக் கழற்றாதீர்கள், வால்வில் மாட்டும் பித்தளை முனை நெருப்பாகக் கொதிக்கிறது, எனக்கு விரல் சுட்டுவிட்டது. அப்புறம், கீழே வந்து பெட்ரோல் பங்கில் பார்த்தபோது மீட்டரில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம், அது பரவாயில்லை. சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்குகிறது என்பதுதான் பெரிய குறை. கிளம்புவதற்கு முந்தின இரவு சார்ஜ் போட மறந்தால் 2,100 ரூபாய் கொடுத்துக் கல்லைச் சுமக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஸ்போக் வீல், ட்யூப் டயர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் வேலைக்கே ஆகாது. சக்கரத்தைக் கழற்ற சரியான அளவு ஸ்பேனரும் ஒரு புது ட்யூபும் வேண்டும், உங்களுக்குக் கழற்றத் தெரியாவிட்டாலும் வழியில் இருக்கிற பஞ்சர் கடைக்காரருக்கு அந்த ட்யூப் உதவும்.

மற்றபடி கிளட்ச் கேபிள் ஒன்று (பழைய கேபிளோடு ஒட்டி டேங்க் அடியிலேயே கட்டிவைத்துவிட்டால் பையில் இடம் மிச்சம்), ஃபியூஸ் இரண்டு, ஜிப் டை, இன்சுலேஷன் டேப், டார்ச். சில்லறையாக ஒரு 500 ரூபாய் கட்டாயம், மலையில் சிக்னல் போனால் ஜிபே எல்லாம் கனவுதான். மீதியை நான் வீட்டில் வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்து பஞ்சர் கடை அண்ணனிடம் டயரைக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் போட்டிருக்கீங்க தம்பி, வாலை இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டியிருக்கலாம்" என்று பிளேடால் நறுக்கிவிட்டார். காசு வாங்கவில்லை.