"இரண்டாம் தொகுதி" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

பீச் ஹவுஸ் இசைக்குழுவைக் கேட்பவர்கள் நம்மிலும் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. 120 டாலர் போனதைக்கூட விடுங்கள், ஏமாந்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் இருப்பது பால்டிமோரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில். விக்டோரியா லெக்ராண்டும் அலெக்ஸ் ஸ்கேலியும் இந்தக் குழுவைத் தொடங்கிய ஊர் அது. போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே பழைய இசைத்தட்டுச் சந்தை போட்டிருந்தார்கள். பெட்டி பெட்டியாகத் துழாவிக்கொண்டு போனபோது 'பி-சைட்ஸ் அண்ட் ரேரிட்டீஸ்' கையில் சிக்கியது. இவர்களுடைய உதிரிப் பாட்டுகளைச் சேர்த்து 2017 ஜூனில் வந்த தொகுப்பு, 14 பாட்டு. என்னிடம் ஏற்கெனவே இருப்பதால் திரும்ப வைத்துவிட்டேன். விற்பவர் அதைக் கவனித்திருக்கிறார்.

"இது இருக்கிறதா உன்னிடம்? அப்படியானால் உனக்கு வேண்டியது இதுதான்" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தார். இரண்டாம் தொகுதியாம். முதல் தொகுப்பில் சேர்க்காமல் விட்ட ஒன்பது பாட்டாம். ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒருவர் வழியாக வந்ததாம், மொத்தமே ஐம்பது தட்டுதானாம். லேபிளில் நீல மையில் ரப்பர் முத்திரை, ஓரத்தில் பென்சிலால் 17/50, அதாவது ஐம்பதில் பதினேழாவது தட்டு. அந்தப் பென்சில் எழுத்தில்தான் விழுந்தேன். போட்டுக் காட்டச் சொன்னேன். ஊசி பட்டால் மதிப்பு இறங்கிவிடும் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அந்த 2017 தொகுப்பு எதற்காக வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், தப்பித்திருப்பேன். அதற்கு முன்னால் இவர்களுடைய உதிரிப் பாட்டுகளைச் சேர்ப்பது பெரிய வேலை. 'ஈக்வல் மைண்ட்' ஒரு சின்னத் தட்டின் பின்பக்கத்தில் இருந்தது. 'வேர்எவர் யூ கோ' வேண்டுமென்றால் 'ப்ளூம்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்து பல நிமிடம் ஒன்றுமே கேட்காமல் காத்திருக்க வேண்டும். 'சாட்டர்ன் சாங்' இருந்ததோ வாயேஜர் விண்கலங்களின் பதிவுகளை வைத்து 2014-ல் பல குழுக்கள் சேர்ந்து செய்த வேறொரு தொகுப்பில். இப்படிச் சிதறிக் கிடந்ததெல்லாம் ஓரிடத்தில் கிடைக்கட்டும் என்றுதான் அவர்களே அள்ளிப் போட்டார்கள். அதுவரை வெளிவராத 'சாரியட்', 'பேஸ்பால் டயமண்ட்' இரண்டையும் அதிலேயே கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு 'ஒன்ஸ் ட்வைஸ் மெலடி' ஆல்பத்தில் மிஞ்சிய ஐந்து பாட்டையும் 2023-ல் 'பிகம்' என்று வெளிப்படையாகவே விற்றார்கள். மிச்சம் மீதியைத் தாங்களே கொடுத்துவிடுகிறவர்களுக்கு மேசைக்கு அடியில் ஒரு தொகுதி எதற்கு? இந்தக் கேள்வி எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

சரி, தட்டைப் போட்டேன். முதல் பாட்டு 'யூஸ்ட் டு பி', யாரும் கேட்காத பழைய வடிவம் என்று எழுதியிருந்தது. 2008-ல் தனிப்பாட்டாக வந்த அதே வடிவம்தான். 'டீன் ட்ரீம்' ஆல்பத்துக்காக அதைத் திரும்பப் பதிவு செய்தார்கள், பழையது அந்த 14-க்குள்ளேயே இருக்கிறது. இப்படி நான்கு பாட்டு என் அலமாரியில் இருப்பவை, விவரத்தை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். மிச்சம் ஐந்தும் யாரோ கச்சேரியில் கைபேசியில் எடுத்தவை. கிடாருக்கு மேலே ஒரே இரைச்சல். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, இதுல யாரோ இருமுறாங்க?" என்றாள் மனைவி. அடுத்த பாட்டில் 'டிங்' என்று குறுஞ்செய்தி வந்த சத்தம். நான் என் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அது தட்டிலிருந்து வந்த சத்தம்.

அப்புறம்தான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பாட்டு முடிந்து ஊசி லேபிள் பக்கம் போகும் வழவழப்பான இடத்தில், ஆலையில் அச்சடித்த தட்டுகளில் எண்ணும் எழுத்துமாகப் பொறித்திருப்பார்கள். என் 2017 தட்டில் இருக்கிறது. இதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆலையில் அச்சடிக்காமல், ஒவ்வொன்றாகக் கடைந்து வெட்டிய தட்டாகத்தான் இருக்கும். அப்படி வெட்டுவது குற்றமில்லை, சின்னக் குழுக்கள் செய்வதுதான். இதில் என்ன இருக்கிறது என்று சொன்னதுதான் பொய்.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றால் அங்கேயும் கோட்டை விட்டிருந்தேன். கட்டணம் பிடிப்பார்கள் என்று சொல்லி, பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் 'நண்பர்கள், குடும்பத்தார்' என்ற வழியில் அனுப்பச் சொன்னார். நான்கு டாலர் மிச்சமாகட்டுமே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டு அப்படியே அனுப்பினேன். அந்த வழியில் போன பணத்துக்கு, ஏமாந்தால் மீட்டுத் தரும் 'வாங்குபவர் பாதுகாப்பு' கிடையாது. முறையிட்டேன், அதையே சொன்னார்கள். விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன். "அரிய பதிவு என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்" என்று ஒரே ஒரு பதில், பிறகு பேச்சில்லை.

தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெள்ளை உறை, நீல முத்திரை, பக்கத்துக்கு நான்கும் ஐந்துமாகப் பாட்டு. இதைப் படம் எடுத்து, இசைத்தட்டு சேர்க்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குத் தன்னுடையதைப் படம் எடுத்து அனுப்பினார். அதிலும் பென்சிலால் 17/50.