பருவ முன்கணிப்பா, பழைய வெள்ளப் பதிவா?

'ஐப்பசி அடைமழை' என்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பொருந்தும். இங்கே ஐப்பசி வசந்த காலம். குளிரும் மழையுமான வசந்தம் என்று முன்கணிப்பு வந்தால் எதை நம்பித் தயாராவது?

மூன்று மாத முன்கணிப்பு தருவது வாய்ப்பளவு மட்டுமே: மழை வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா என்று. கீரைப் பாத்தி போட, தொட்டியைக் கழுவிவைக்க அது போதும். எந்த நாளில் வெள்ளம் வரும் என்று அது சொல்லாது. மேலடுக்குக் காற்றோட்டத்திலிருந்து பிரிந்து, ஒரே இடத்தில் நின்று கொட்டும் தாழ்வழுத்தம் சில நாட்களுக்கு முன்புதான் புலப்படும். 1987 செப்டம்பர் கடைசியில் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தை மூழ்கடித்து, 350க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

பதிவுகளின் பலம் வேறு. தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அவை காட்டுகின்றன. 1917 அக்டோபர் 28 அன்று டர்பனில் ஓடும் உம்கேனி ஆறு கரைபுரண்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் காய்கறி பயிரிட்ட நம் மக்களின் குடிசைகளை அடித்துப்போனது. 'படவட்டான் அறுவர்' என்று பேர்பெற்ற நம் மீனவர்கள் ஆறு பேர், கடலுக்குப் போகும் படகை ஆற்றில் இறக்கி, சுமார் 175 பேரை மீட்டார்கள். இதை எழுதும்போதே மனம் நெகிழ்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனால் பதிவும் முழுமையல்ல. 2022 ஏப்ரலில், வசந்தமே இல்லாத மாதத்தில், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 40 ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்த அத்தகைய மழை, புவி சூடானதால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை என ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

தோட்டத்துக்கு முன்கணிப்பைக் கேட்பேன். ஆற்றோரம் வீடு வாங்குவதென்றால் 1917ஐயும் 1987ஐயும்தான் முதலில் பார்ப்பேன்.