தென் ஸ்பெயினில் எந்தக் கடற்கரை? காற்றைக் கேட்டு முடிவெடுங்கள்

அந்தலூசியாவின் கடலோரத்தில் ஒரு வாரம் தங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று பகுதிகளுக்கு இடையே தடுமாறுகிறார்கள்: மாலகாவை ஒட்டிய கோஸ்தா தெல் சோல், ஜிப்ரால்டர் நீரிணைக்கு மேற்கே அட்லாண்டிக்கைப் பார்த்திருக்கும் கோஸ்தா தே லா லூஸ், கிழக்கே அல்மேரியாவின் காபோ தே காதா. படங்களில் மூன்றுமே அழகுதான். ஆனால் கரையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதை மணலைவிடக் காற்றுதான் முடிவு செய்கிறது.

கோஸ்தா தே லா லூஸில் உள்ள, ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடியான தாரிஃபாவிலிருந்து ஆப்பிரிக்கக் கரை சுமார் 14 கிலோமீட்டர்தான். இருபுறமும் மலைகள் நெருக்கும் அந்த இடைவெளியில் நுழையும் ‘லெவாந்தே’ என்ற கீழைக்காற்று வேகம் கூடி, சில சமயம் நாள்கணக்கில் ஓயாமல் வீசும். கைட் சர்ஃபிங் செய்பவர்கள் அதற்காகவே வருகிறார்கள்; குழந்தையோடு வருபவர்களால் அந்த மணல்வீச்சில் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. அருகிலுள்ள பொலோனியாவில் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் மணற்குன்றைக் குவித்ததும், அதைப் பின்னாலிருக்கும் பைன் காட்டுக்குள் தள்ளிக்கொண்டிருப்பதும் இதே காற்றுதான். அக்குன்றுக்குச் சற்றுத் தள்ளி, கடலை ஒட்டியே பாயேலோ கிளாவுதியா என்னும் ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. நீரிணை வழியாக வலசை போகும் சூரை மீன்களைப் பிடித்து உப்பிட்ட தொட்டிகளை அங்கே இன்றும் காணலாம். நீந்திக் கரையேறிய ஈரத்தோடு ஈராயிரம் ஆண்டுப் பழைமையான தெருவுக்கு நடந்து போகக்கூடிய இப்படியொரு கடற்கரையை நான் வேறெங்கும் அறியேன்.

மாலகாப் பக்கம் இவ்வளவு வியப்பு இல்லை. மணல் கருமை கலந்தது, ஆகஸ்டில் கூட்டம் நெரியும், அட்லாண்டிக் நீர் நீரிணை வழியே மத்தியதரைக் கடலுக்குள் பாய்வதால் கடலும் எதிர்பார்ப்பதைவிடக் குளிராக இருக்கும். ஆயினும் விமான நிலையத்திலிருந்தே புறநகர் ரயிலில் ஏறி தோரெமோலினோஸ், ஃபுயென்கிரோலா வரை போய்விடலாம் என்பதும், மணல் நிரப்பிய படகில் தீ மூட்டிக் குச்சியில் கோத்துச் சுடும் மத்தி மீன் கரையிலேயே கிடைக்கும் என்பதும் சிறிய வசதிகள் அல்ல. வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ உடன் வந்தால், கார் இல்லையென்றால், தயங்காமல் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

1987 முதல் இயற்கைப் பூங்காவாகக் காக்கப்படும் காபோ தே காதா, எரிமலைப் பாறைகளுக்கு நடுவே தெளிந்த நீர் கொண்டது. முகமூடி அணிந்து நீருக்கடியில் பார்த்து மகிழ மூன்றிலும் இதுவே சிறந்தது. மோன்சுல், கெனோவேசெஸ் கரைகளில் நிழலும் கடையும் இல்லாததால் குடிநீரைக் கையோடு கொண்டு போக வேண்டும். கோடையில் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. சான் ஹோசே ஊரிலிருந்து பேருந்து செல்கிறது.

என் தேர்வு பொலோனியா. ஆனால் அதை ஒரே நாளில் முடித்துவிடத் திட்டமிடாமல், அப்பக்கம் மூன்று இரவுகளாவது தங்கி, மேலைக்காற்றான ‘போனியெந்தே’ வீசும் நாளில் அங்கே செல்லுங்கள். லெவாந்தே விடாமல் அடித்தால், அதே கடலோரத்தில் உள்ள காதிஸ் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இரு கோட்டைகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் லா காலேதா கரை அன்றைய பொழுதுக்குப் போதும்.